மேரியின் உள்மனசு

மண்டபம்

அன்புள்ள பிலோ,

பதில் போட ரொம்பத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. அம்மா நலம். ஸ்டெல்லா அக்கா இன்னும் அதே பல்லவிதான். நீ அனுப்பிய சிறுகதைக்கு வருகிறேன்.

புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அவன் சாவுச் செய்தி கேட்கும் தங்கச்சிமடத்து மேரி உயிரோடு நிற்கிறாள். ஆனால் மூன்றாம் பக்கத்தில் "என் உள்மனசு சொல்லுது, அவருக்கு என்னமோ ஆகப்போகுது" என்று அவளையே பேச வைத்துவிட்டாயே, ஏன்டி? வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தபின் அது எப்படி உள்மனசு?

கண்ணகியைப் பார். சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையில் தோழி தேவந்தியிடம் கனவைச் சொல்கிறாள்: கணவன் கைப்பிடித்துப் போகிறான், பெரிய ஊர், பழிச்சொல், காவலன் முன் வழக்கு, அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு. அதற்குமேல் "உரையாடேன்" என்று நிறுத்திக்கொள்கிறாள். அந்தக் கனவில் சிலம்பு மட்டும் இல்லை. கோவலன் வந்து, குலம் தந்த பொருளையெல்லாம் தொலைத்தேன் என்று நாணுகிறான். அவளோ சிரித்த முகத்தோடு "சிலம்புள கொண்ம்", சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள், என்கிறாள்! மாதவிக்குக் கொடுக்கக் காசில்லாமல் தவிக்கிறான் என்று அவள் எண்ணிக்கொண்டதாக உரை சொல்லும். மதுரைக்குப் போவோம் என்றதும் கூடவே கிளம்புகிறாள். கனவைப் பற்றி அவள் கோவலனிடம் மூச்சே விடவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு வயிறு கலங்கும்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில், வட்டிக்கடைக் கிழவியைக் கொல்லத் திட்டமிடும் ரஸ்கோல்னிகோவும் அப்படித்தான். குதிரையை அடித்தே கொல்லும் கனவிலிருந்து விழித்தவன் கொலை எண்ணத்தையே உதறிவிடுகிறான். உடம்பு அசதி, வீட்டுக்கு நேர்வழி இருக்கிறது. கால் என்னவோ சுற்றிக்கொண்டு வைக்கோல் சந்தைக்குப் போகிறது. மறுநாள் மாலை கிழவி வீட்டில் தனியாக இருப்பாள் என்பது அங்கேதான் காதில் விழுகிறது. நாவல் வந்தது 1866இல். உள்மனசை ஆராய்ந்த ஃப்ராய்டின் கனவுப் புத்தகமோ அதற்கு வெகு பிறகுதான், 1900 என்று ஆண்டு போட்டு வந்தது.

மேரிக்கு வருகிறேன். அந்த வசனத்தை அடித்துவிடு. முதல் பக்கத்தில், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் புருஷனின் படகு கிளம்பியதும், மறுநாளைக்கு அரிசி அளக்கட்டும். எப்போதும் நாலு உழக்கு போடுகிறவள் மூன்றோடு டப்பாவை மூடிவிடட்டும். அதற்கு அவளே நம்புகிற வேறு காரணம் வேண்டும்: ரேஷன் அரிசி தீரப்போகிறது. அது நிஜமாகவும் இருக்க வேண்டும். ரேஷன் கடை இன்னொரு இடத்திலும் வரட்டும், இல்லாவிட்டால் வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். பிறகு நாலைந்து பக்கம் குழுக்கடன் தவணை, தண்ணீர்க் குடம், பிள்ளையின் காய்ச்சல் என்று போகட்டும். செய்கையும் சாவும் ஒட்டி நின்றால் அது வெறும் சகுனம். விளக்கு அணைவது, கண் துடிப்பது எதுவும் வேண்டவே வேண்டாம்.

மேரி காணும் கனவும் நீளம். படகு, அலை, அவரே வந்து விடைபெறுவது, எல்லாமே வந்துவிட்டால் விடிந்தபின் நடக்க என்ன மிச்சம்? பாதியாக்கு. படகை எடுத்துவிடு.

கடைசியில் அவள் "எனக்கு அப்பவே தெரியும்" என்று அழுவதை மட்டும் தொடாதே. சாவு வீட்டில் அப்படித்தான் அழுவார்கள், நடந்ததற்குப் பிறகு சின்னச் சின்னதுக்கெல்லாம் அர்த்தம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அரிசி அளந்தது மட்டும் அவள் ஞாபகத்துக்கு வரவே கூடாது. அதை வாசகர் கண்டுபிடிக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்குள் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
ஜெசி