எங்கள் போட் பாலிஷ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்துக்குப் பிறகு எங்கள் பட்டறை பாலிஷ் போட்டுக் கொடுத்த ஒரு போட்டைப் பற்றி ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். மீதிப் பேருக்கு இந்த மடல் கிடைப்பதற்குள் வந்துவிடும். "எண்ணெயத் தடவிட்டுக் காசு வாங்கிட்டானுங்க, ரெண்டு மாசத்துல பழையபடி வெளுத்துப் போச்சு" என்று அதில் பேசுகிறவர் யார் என்று எனக்கும் தெரியும், நம் நிபோங் திபால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியும். பெயரைச் சொல்லப்போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வாரம் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது ஒரு தம்பி, "என்ன எண்ணெய் அண்ணே அது, செம்பனை எண்ணெயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அவருடைய போட் எங்களிடம் வந்தபோது எப்படி இருந்தது என்பது பதிவில் இல்லை. வருஷக்கணக்கில் ட்ரெய்லர் மேலேயே மூடாமல் வெயிலில் கிடந்த நீல நிற ஃபைபர் போட். பக்கவாட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பைத் தொட்டது போல வெள்ளைத் தூள் ஒட்டியது. கண்ணாடியைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக்கும் விளிம்பு ரப்பரும் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. நீலத்தின் உண்மையான நிறம் ஸ்டிக்கரை உரித்த இடத்தில் மட்டும்தான் தெரிந்தது.

ஃபைபர் போட்டின் மேல் பளபளப்பது பெரும்பாலும் பெயின்ட் இல்லை, ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின், கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் மேலாக உள்ள ரெசினைச் சிதைக்கிறது, அதுதான் தூளாக வருகிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து டிகிரியில். இங்கே நீலமும் சிவப்பும் வெள்ளையைவிடச் சீக்கிரம் வெளுத்துத் தெரியும். யார் பாலிஷ் போட்டாலும் அதுதான் நடக்கும்.

இதற்கு இரண்டு வழி உண்டு என்று அவரிடம் அன்றைக்கே சொன்னேன். ஒன்று, செத்துப்போன அந்த மேல்தோலையே எடுத்துவிடுவது: 800, 1200, 2000 நம்பர் என்று தண்ணீர் விட்டு சேண்ட் பேப்பர், அப்புறம் மிஷினில் கம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை), பாலிஷ், ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பு, கடைசியாக செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு. ஜெல்கோட் மெல்லியது என்பதால் ஓரங்களில் அவசரப்பட்டால் அடியிலுள்ள ஃபைபர் தெரிந்துவிடும். அதனால் நாள் பிடிக்கும். இன்னொன்று, கழுவி, லேசாகக் கம்பவுண்ட் போட்டு, மெழுகு ஏற்றி, கறுப்புப் பகுதிகளுக்கு ட்ரெஸ்ஸிங் என்ற பளபளப்புத் திரவம் தடவித் தருவது. "வாங்குற ஆளு சனிக்கிழமை வர்றாரு, பார்க்க நல்லா இருந்தா போதும்" என்று இரண்டாவதைக் கேட்டவர் அவர்தான். சனிக்கிழமை போட் பளபளவென்றுதான் இருந்தது. வியாபாரம் படியவில்லை. அதற்கு என் மெழுகு என்ன செய்யும்?

ட்ரெஸ்ஸிங் என்பது பெரும்பாலும் சிலிகான் எண்ணெய்தான். ஆகவே "எண்ணெய்" என்று அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் அது மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது. நாலு மழை பெய்தால் போய்விடும். பில்லிலேயே "தற்காலிகப் பளபளப்பு" என்று எழுதியிருந்தேன். மெழுகும் நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நிற்பது அபூர்வம். அதிலும் அவர் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றிப் போட்டைக் கழுவியதாக அவர் வீட்டிலேயே சொன்னார்கள். சட்டியில் பிடித்த எண்ணெயை எடுக்கிற சோப்பு மெழுகை மட்டும் விட்டுவைக்குமா?

இன்னொன்று, பிளாஸ்டிக்கை ஹீட் கன்னால் சூடாக்கினால் கறுப்பு திரும்பிவிடும் என்று ஒரு வீடியோ ஓடுகிறது. திரும்பும், உண்மைதான்.  கொஞ்ச நாளில் மறுபடி வெளுக்கும், கை தவறினால் வளைந்தும் போகும். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

அடுத்து விலை. 2024 ஜூனில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியபோது லோரிக் கூலியைக்கூட நாங்கள் தொடவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 ஆகஸ்ட் 1 முதல் எங்களைப் போல ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் இடங்களுக்கும் வந்துவிட்டது. மிஷின் பிடிக்கத் தெரிந்த நல்ல பையன் ஒருவனும் சிங்கப்பூர் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அங்கே கிடைக்கும் சம்பளத்தை நான் எங்கே கொடுப்பது? ஆகவே முதல் வழியில் செய்யும் முழு வேலைக்கு அடிக்கு 35 ரிங்கிட்டாக இருந்தது அடுத்த மாதம் முதல் 45 ஆகிறது; பாதி முன்பணம், இலவச டச்-அப் (பிறகு செய்யும் சின்னத் திருத்த வேலை) இனி கோட்டிங் வேலைக்கு மட்டும்.

இத்தனை வருஷமும் எங்களை விடாமல் வந்துகொண்டிருக்கிற உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கிரியான் ஆற்றில் மின்மினி பார்க்க ஆள் ஏற்றும் படகுக்காரர்கள், ஞாயிறு விடிந்தால் ஊடாங் காலா (ஆற்று இறால்) பிடிக்கக் கிளம்பிவிடும் தோட்டத்து அண்ணன்மார்கள், பட்டறைக்குள் வெள்ளம் புகுந்த அன்று கூப்பிடாமலேயே வந்து மிஷின்களைத் தூக்கி மேலே வைத்தவர்கள். அந்தக் குரல் பதிவு வந்தவுடன் அதை மற்றவர்களுக்கு அனுப்பாமல் நேரே எனக்கு போன் போட்டுக் கேட்டவர்களையும் மறக்க மாட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆற்றிலிருந்து ஏற்றியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கழிமுகத்து உப்பு ஸ்டீல் கம்பியில் துருக்கறை போடும். குளோராக்ஸ் (ப்ளீச்) வேண்டாம், அது ஸ்டீலுக்கு எதிரி. தேக்குப் பலகை வைத்திருப்பவர்கள் அதில் வாட்டர் ஜெட் அடிக்காதீர்கள், மரத்தின் மென்மையான பாகம் அரித்து வரி வரியாகிவிடும். கேன்வாஸால் மூடும்போது காற்றுப் போக இடம் விடுங்கள். மெழுகு போடும்போது கறுப்புப் பிளாஸ்டிக்கில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், வெள்ளைக் கறை பிடித்தால் எடுப்பது பெரும்பாடு.

இன்னும் நம்பாதவர்களுக்காகப் பட்டறை வாசலில் பழைய போட்டின் மூடி ஒன்றை வெயிலில் வைத்திருக்கிறேன். டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்தது: ஒரு பக்கம் ஒன்றும் செய்யவில்லை, நடுவில் மெழுகு, மறுபக்கம் கோட்டிங். தீபாவளிக்கு முன்னால் வைத்தது. வந்து விரலால் தேய்த்துப் பாருங்கள், பதிவு போட்டவரும் வரலாம். திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பதிலிருந்து ஆறு மணி வரை இருப்போம், வெள்ளிக்கிழமை மட்டும் மதிய இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் தாமதமாகத் திறப்போம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்
நிபோங் திபால்