இருவருக்கு மட்டும் தெரிந்த சண்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அடுப்புப் பக்கம் விடாதே, சமையலை நீயே பார்த்துக்கொள். எங்கள் பெரியவள் வேலை மாறிக் கோவைக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன் பையனைப் பற்றி நீ எழுதியது மனதை விட்டுப் போகவே இல்லை. இரண்டு யூடியூப்காரர்கள் மாற்றி மாற்றித் திட்டி வீடியோ போட, இவனும் பெஞ்சுத் தோழனும் ஆளுக்கு ஒரு கட்சியாகி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இருவரும் அடுத்த வாரமே ஒன்றாகச் சாப்பிட்டுப் படம் போட்டுவிட்டார்கள். பையன்கள்தான் இன்னும் பேசவில்லை என்கிறாய். படித்ததும் எனக்கு ஆண்டி காஃப்மன் ஞாபகம் வந்தது.

அமெரிக்க நகைச்சுவைக்காரர். எழுபதுகளின் கடைசியில், பெண்களின் இடம் சமையலறைதான் என்று மேடையில் வம்பிழுத்து, என்னை ஜெயிக்கும் பெண்ணுக்கு 1,000 டாலர் என்று சவால் விட்டு மல்யுத்தம் செய்தார். மெம்ஃபிஸ் நகரின் மல்யுத்த வீரர் ஜெர்ரி லாலர் அவரோடு மோதினார். அந்த ஊரையே சீண்ட, சோப்பைக் கையில் பிடித்து, இதன் பெயர் சோப்பு, இப்படித்தான் குளிக்க வேண்டும் என்று வீடியோவில் பாடம் எடுத்தார் காஃப்மன். கூட்டம் கொதித்தது. 1982 ஏப்ரல் 5 அன்று லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கி, தலை மேடையில் இடிக்கும்படி போட்டார். அந்தப் பிடி அங்கே தடை செய்யப்பட்டது என்பதால் தோற்றவர் லாலர் என்றுதான் அறிவித்தார்கள்! காஃப்மன் கழுத்துப் பட்டையோடு திரிந்தார். ஜூலை மாதம் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லாலர் விட்ட அறையில் நாற்காலியோடு விழுந்தார், எழுந்து கெட்ட வார்த்தை பேசிக் காபியை அவர்மேல் வீசினார்.

எல்லாம் இருவரும் பேசி வைத்துச் செய்தது. உண்மையில் நண்பர்கள். காஃப்மன் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் இது வெளியே வந்தது.

அவர் சிறுவயது முதலே மல்யுத்தத்தின் பைத்தியம். வில்லனாக நின்று ஊரே வெறுக்கும்படி நடிப்பதை அவர் ஒரு கலையாகவே நேசித்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரங்கில் கத்தியவர்களின் கோபம் நடிப்பில்லையே. அவர் வாயிலிருந்து வந்த கேவலமான பேச்சை உட்கார்ந்து கேட்ட பெண்களுக்கு வலித்ததும் நடிப்பில்லை. ரகசியம் இருவருடையது, அடி மற்றவர்களுக்கு. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியில் காஃப்மனுக்கும் அடி விழுந்தது. அந்த நவம்பரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, இவர் இனி வரலாமா என்று தொலைபேசியில் வாக்கெடுத்தது. வேண்டாம் என்றவர்கள் 1,95,544 பேர், வேண்டும் என்றவர்கள் 1,69,186 பேர். அதற்குப் பிறகு அந்த மேடையில் அவர் நேரலையில் தோன்றவில்லை. 1984 மே மாதம் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார், வயது 35. இதுவும் ஒரு ஏமாற்று என்று நிறையப் பேர் நினைத்தார்கள். இன்றும் அவர் உயிரோடு இருப்பதாக நம்புகிறவர்கள் உண்டு. ஒரு மனிதனின் சாவுக்குக்கூட ஊர் சந்தேகப்படும் நிலை எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பார்.

இதையே அழகாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். வானொலிக் காலத்து அமெரிக்க நகைச்சுவைக்காரர்கள் ஜாக் பென்னியும் ஃபிரெட் ஆலனும். 1936 டிசம்பர் கடைசியில் ஆலனின் நிகழ்ச்சியில் ஒரு பத்து வயதுப் பையன் பிரமாதமாக வயலின் வாசித்தான். பென்னியின் வாசிப்பு மோசம் என்பது அந்தக் காலத்தில் நாடறிந்த நகைச்சுவை. அதை வைத்து ஆலன் பென்னியைச் சும்மா கேலியாக ஒரு குத்து குத்தினார். பென்னி தன் நிகழ்ச்சியில் பதில் கொடுத்தார். முன்கூட்டிப் பேசி வைத்ததுகூட இல்லை. 1937 மார்ச்சில் நியூயார்க்கின் பியர் ஹோட்டலில் நேருக்கு நேர் சண்டை என்று நாடே வானொலி முன் உட்கார்ந்தது. அடிக்கப்போன இருவரும் பழைய நாடக மேடை நாட்களைப் பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். 1956இல் ஆலன் இறக்கும்வரை அந்தக் கேலி ஓய்ந்து ஓய்ந்து தொடர்ந்தது. கேட்டவர்களுக்கு இது விளையாட்டு என்று நன்றாகத் தெரியும், அவர்களும் சேர்ந்து விளையாடினார்கள். ஆலன் வைதது பென்னியின் வயலினையும் கஞ்சத்தனத்தையும்தான், அவர் ரசிகர்களையோ ஊரையோ அல்ல.

அதனால் பையனை ‘இதைப் போய் நம்பினாயே’ என்று கேலி செய்யாதே. நம்பும்படி செய்தவர்கள் பெரியவர்கள், அதில் பணமும் பார்த்தவர்கள். அந்தத் தோழனை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு இருவருக்கும் லெட்டர்மேன் காட்சியைப் போட்டுக் காட்டு. எது நிஜம், எது நடிப்பு என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அப்புறம், பொங்கலுக்கு நாங்கள் ஊருக்கு வருகிறோம். நீங்களும் வருகிறீர்களா என்று சீக்கிரம் சொன்னால் டிக்கெட்டைச் சேர்த்தே போட்டுவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்