படச்சட்டத்தில் எழுதியதும் ஓவியம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் போர் எதிர்ப்பு ஓவியங்கள் பற்றிய கட்டுரையின் முகப்பில், ரஷ்ய ஓவியர் வசீலி வெரெஷ்சாகினின் மண்டையோட்டுக் குவியலை முழுப்பக்க அளவில் வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் அரிதாகவே பேசப்படும் ஓவியர் அவர். அதற்காக முதலில் நன்றி. ஆனால் படத்தை நெடுக்குவாட்டில் வெட்டி, பழுப்பு நிறம் ஏற்றி, அடியில் ‘தைமூரின் வெற்றிக் கோபுரம், 14ஆம் நூற்றாண்டு’ என்று குறிப்பும் போட்டுவிட்டீர்கள். இந்த மூன்றும் சேர்ந்து, ஓவியர் சொன்னதற்கு நேர்மாறான பொருளைத் தந்துவிட்டன.

‘போரின் மகோன்னதம்’ என்ற அந்த ஓவியம் 1871-இல் மியூனிக்கில் தீட்டப்பட்டது. 127 செ.மீ. உயரம், 197 செ.மீ. அகலம். இப்போது மாஸ்கோவின் ட்ரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் மரச்சட்டத்திலேயே ஓவியர் ஒரு வரி எழுதி வைத்தார்: ‘மாபெரும் வெற்றிவீரர்கள் அனைவருக்கும் காணிக்கை: முன்பு இருந்தவர்களுக்கும், இன்று இருப்பவர்களுக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும்.’ இந்த வரி இல்லாமல் பார்த்தால், எப்போதோ ஒரு கொடுங்கோலன் செய்த அட்டூழியம் என்று பக்கத்தைப் புரட்டிவிடலாம். வரியோடு பார்த்தால் அப்படித் தப்பிக்க வழியில்லை.

மத்திய ஆசியாவை ஆண்ட படையெடுப்பாளன் தைமூரின் பெயரில், ‘தைமூரின் வெற்றி’ என்பதுதான் அவர் முதலில் யோசித்திருந்த தலைப்பு. அதை வேண்டாமென்று அவரே ஒதுக்கினார். அவர் ஒதுக்கியதைத்தான் உங்கள் படக்குறிப்பு திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. மண்டையோடுகளைக் கிட்டத்தில் பாருங்கள். சிலவற்றில் வாள் வெட்டிய நீளக் கீறல் தெரியும். சிலவற்றில் தோட்டா துளைத்த சிறு ஓட்டை தெரியும். தைமூரின் படையிடம் ஏது துப்பாக்கி? 1857-இல் மத்திய ஆசியாவின் காஷ்கரில் வாலி கான் என்ற ஆட்சியாளன், அடால்ஃப் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானியப் பயணியின் தலையை வெட்டி இப்படியொரு தலைக்குவியலில் சேர்த்த செய்தி வெரெஷ்சாகினுக்குத் தெரியும். சீன முஸ்லிம்களான துங்கான்களின் கிளர்ச்சிக்குப் பிறகு பாழடைந்து கிடந்த சுகுசாக் நகரில் சிதறிக் கிடந்த மண்டையோடுகளை அவரே பார்த்திருக்கிறார். ஆகவே இது அவர் காலத்துப் படம்.

போரை வெளியே நின்று பார்த்தவரும் அல்லர் அவர். 1842-இல் செரெபோவெட்ஸில் பிறந்தார். கடற்படைப் பள்ளியில் படித்துத் தேறியதும் அந்த வேலையை உதறிவிட்டு ஓவியம் கற்கப் போனார். பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் ஜெரோமிடமும் பயின்றார். 1867-இல் ரஷ்ய ஜெனரல் காஃப்மனுடன் மத்திய ஆசியாவின் துருக்கிஸ்தானுக்குச் சென்றார். மறு ஆண்டு சமர்கந்துக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, உள்ளே சிக்கிய சிறு காவற்படையோடு நின்று துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டார். அதற்காகப் புனித ஜார்ஜ் சிலுவை விருதும் பெற்றார்.

அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் ‘உயிர்க்காயம் பட்டவன்’ என்ற 1873-ஆம் ஆண்டுப் படம். குண்டடி பட்ட சிப்பாய் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் காயத்தை அழுத்திப் பிடித்தபடி ஓடுகிறான். விழப்போகிற கால்கள், இன்னும் விழவில்லை. அந்தப் படத்தின் சட்டத்தில் அவன் அலறல் எழுதப்பட்டிருக்கிறது: ‘ஐயோ, கொன்னுட்டாங்க, அண்ணங்களா! கொன்னுட்டாங்க... ஐயோ, எனக்குச் சாவு வந்துடுச்சே!’ வெரெஷ்சாகினுக்குச் சட்டம் வெறும் தங்கமுலாம் பூசிய மரம் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

‘போரின் மகோன்னதம்’ தனிப்படமும் அல்ல. ‘காட்டுமிராண்டிகள்’ என்ற ஏழு படத் தொடரின் கடைசிப் படம் அது. ஒற்றர்கள் வேவு பார்ப்பது, திடீர்த் தாக்குதல், சுற்றிவளைப்பு, அமீரிடம் வெட்டுண்ட தலைகளைக் காணிக்கை வைப்பது, சந்தையில் வெற்றிக் கொண்டாட்டம், சமாதியில் நன்றி வழிபாடு என்று கதை நகர்ந்து இந்தக் குவியலில் முடிகிறது. 1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கண்காட்சி நடந்தபோது, ரஷ்யப் படைக்கு அவதூறு என்று அதிகார வட்டத்திலிருந்து கண்டனம் எழுந்தது. மனம் வெதும்பிய ஓவியர் தம் கையாலேயே மூன்று படங்களைக் கொளுத்தினார். சுற்றிவளைப்புக் காட்சி அதில் போயிற்று. போர்க்களத்தில் கைவிடப்பட்ட சிப்பாயின் பிணத்தைக் காட்டும் ‘மறக்கப்பட்டவன்’ படமும் போயிற்று. ஏழில் இன்று மிஞ்சியவை ஆறு. துருக்கிஸ்தான் படங்களைப் பிரிக்காமல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, அதே ஆண்டில் கலைக்கூடத்தை நிறுவிய ட்ரெத்யாகோவ் 92,000 ரூபிளுக்கு வாங்கினார்.

இனி அச்சு விஷயம். இந்தப் படத்தின் அகலம் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். 18 செ.மீ. அகலத்தில் போட்டால் உயரம் 11.6 செ.மீ. வரும், பாதிப் பக்கம் போதும். முழுப்பக்கத்துக்காக இரு ஓரங்களையும் வெட்டினால் பட்டமரங்களும் தூரத்தில் இடிந்து கிடக்கும் நகரமும் காணாமல் போகின்றன. நகரம் இல்லையென்றால் அந்தத் தலைகள் யாருடையவை என்ற கேள்வியே எழாது.

பழுப்பு நிறம் இன்னும் பெரிய தவறு. மேகமே இல்லாத நீல வானம், காய்ந்த மஞ்சள் மண், சுள்ளென்ற வெயில், அதில் கறுப்பாய்க் காகங்கள்: அச்சம் ஊட்டுவது இந்த வெளிச்சம்தான். சாதாரணத் தாளில் மை ஊறிக் கருமை கூடும். கண்குழிகளெல்லாம் ஒன்றாக அடைத்துக்கொள்ளும். ஆகவே அச்சுக்கு அனுப்பும் முன் இடைப்பட்ட சாயல்களைக் கொஞ்சம் வெளிறவிட வேண்டும். வானத்துக்காக ஒட்டுமொத்தமாக நீலத்தை ஏற்றினால் எலும்புகள் பச்சை பூக்கும். வானத்தை மட்டும் தனியே பிரித்துத் திருத்துவதே சரி. தோட்டா ஓட்டை அரைப்பக்க அளவில் தெரியாது. குவியலின் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பக்கத்திலேயே தனியாகப் போடலாம். பரவலாகக் கிடைக்கும் நிழற்படங்கள் பெரும்பாலும் சட்டம் நீக்கியவை என்பதால், காணிக்கை வரியைப் படக்குறிப்பிலாவது தர வேண்டும்.

அதே கட்டுரையில் சிறிதாக வந்த பீரங்கி வாயில் கட்டப்பட்ட இந்தியர்களின் படமும் இவருடையதுதான். ‘1857’ என்ற குறிப்பு அதற்கும் பொருந்தாது. படம் 1880-களில் தீட்டப்பட்டது. ஆங்கிலச் சிப்பாய்களின் சீருடையும் அந்தக் காலத்தையே சேர்ந்தது. 1872 ஜனவரியில் பஞ்சாபின் மாலேர்கோட்லாவில் நாம்தாரி சீக்கியர்கள் 60 பேருக்கு மேல் இப்படிப் பீரங்கியால் கொல்லப்பட்டார்கள். படத்தை அந்த நிகழ்ச்சியோடு இணைப்பதற்கே காரணம் அதிகம். ரோமரின் சிலுவையேற்றம், ரஷ்யாவின் தூக்குமேடை ஆகிய இரண்டு படங்களோடு சேர்த்து, மரண தண்டனை பற்றிய மூன்றில் ஒன்றாகவே அவர் இதை வைத்தார். தம் நாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, 1904 ஏப்ரல் 13 அன்று, போர்ட் ஆர்தர் துறைமுகத்தின் அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிய ‘பெட்ரோபாவ்லோவ்ஸ்க்’ போர்க்கப்பலில், அட்மிரல் மக்காரோவுடன் இறந்தார் வெரெஷ்சாகின். அப்போது அவருக்கு 61 வயது. அங்கும் போரை வரையத்தான் போயிருந்தார்.

அடுத்த இதழில் அரைப்பக்கம் ஒதுக்கி, படத்தை வெட்டாமல், அதன் சொந்த நிறத்தில், காணிக்கை வரியோடு மறுபடியும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்