மறுமலர்ச்சியை 1453இல் ஆரம்பிக்காதீர்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று போட்டிருக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் 1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் புத்தகக் கட்டோடு இத்தாலிக்கு ஓடி வந்தார்கள், உடனே மறுமலர்ச்சி பிறந்துவிட்டது என்று மூன்றே வரியில் முடித்துவிட்டு, கட்டுரை நேராக மோனலிசாவுக்குப் போய்விட்டது. நான் படித்த காலத்திலும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னும் எத்தனை தலைமுறைக்கு இதையே சொல்லிக்கொண்டிருப்போம் என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருஷக் கணக்கைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். பெட்ரார்க் என்ற கவிஞர் இத்தாலியின் வெரோனா நகரத்தில் பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்துத் தன் கையாலேயே பிரதி எடுத்தது 1345இல். அவர் இறந்தது 1374. கான்ஸ்டான்டிநோபிள் விழுவதற்கு அப்போது இன்னும் 79 வருஷம் கிடக்கிறது. மானுவேல் கிரிசொலோராஸ் என்ற கிரேக்க அறிஞர் புளோரன்சில் கிரேக்கம் சொல்லிக் கொடுக்க வந்தது 1397இல். அவர் யாருக்கும் பயந்து ஓடி வரவில்லை, ஊர்க்காரர்களே சம்பளம் பேசி அழைத்து வந்தார்கள். 1416இல் போஜ்ஜோ பிராச்சொலினி என்ற இத்தாலிய அறிஞர் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்தில், கோபுரத்தின் அடியில் இருட்டும் அழுக்குமாகக் கிடந்த அறையில், பழைய ரோம ஆசிரியர் குவின்டிலியன் எழுதிய பேச்சுக்கலை நூலை முழுசாகக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே பழைய ரோமக் கவிஞர் லுக்ரீசியஸின் நீண்ட கவிதை இன்னொரு மடத்தில் அவர் கைக்குக் கிடைத்தது. 1453க்குப் பிறகு கிரேக்கச் சுவடிகள் நிறைய வந்தது உண்மைதான், பெசாரியோன் என்ற கர்தினால் தன் நூல்களையெல்லாம் 1468இல் வெனிஸ் நகரத்துக்கே கொடுத்தார். ஆனால் அவை வந்து இறங்கிய இடத்தில் ஏற்கெனவே மூன்று நான்கு தலைமுறையாகத் தேடிப் படிக்கிற கூட்டம் ஒன்று காத்திருந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பாடத்தில் ஒரு வரியும் இல்லை.

அவர்கள் கடவுளை ஒதுக்கிவிட்டு மனிதனைத் தூக்கிப் பிடித்தார்கள் என்று எழுதுவதும் சரியில்லை. போஜ்ஜோவே போப்பாண்டவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தானே! இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறநெறி, இந்த ஐந்தையும்தான் மனிதனை மனிதனாக்குகிற படிப்பு என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் உலகத்துக்குக் கொடுத்த பெரிய சொத்து ஓவியம்கூட இல்லை. ஒரு நூல் கையில் கிடைத்தால் இது யார் எழுதியது, எப்போது எழுதியது, இடையில் பிரதி எடுத்தவன் எங்கே தப்பு விட்டான் என்று கேட்டார்களே, அந்தப் பழக்கம்தான்.

லாரன்சோ வல்லா என்பவர் 1440இல் செய்ததைப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியையே போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது, பல நூறு வருஷம் அதை நம்பிக்கொண்டும் இருந்தார்கள். வல்லா அதன் லத்தீனை வரி வரியாகப் படித்து, இந்தச் சொற்களும் பதவிப் பெயர்களும் அந்தக் காலத்து ரோமில் புழங்கவே இல்லை, இது பின்னால் யாரோ கட்டியது என்று காட்டிவிட்டார். கத்தி எடுக்கவில்லை, கூட்டம் கூட்டவில்லை, படித்தே சாதித்தார். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொரு பழம்பெருமைச் செய்தியையும் அப்படியே நம்பிவிடாமல் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்கள்.

இந்த இடத்தில் நம் நெல்லைச் சீமைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை, 1891இல் இங்கே பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியர். சொல் வழக்கையும் இலக்கண வடிவத்தையும் வைத்தே பழைய நூல்களின் காலத்தைக் கணக்குப் போட்டார். பல நூல்களை மிகவும் பின்னால் தள்ளிவிட்டார் என்று அவரைத் திட்டாதவர்கள் குறைவு. அவர் சொன்ன காலம் பலவற்றை நானும் ஏற்கவில்லை. ஆனால் அவரை மறுக்க வேண்டுமென்றாலும் ஏட்டை எடுத்து, சொல்லை எடுத்து, ஆதாரம் காட்டித்தான் மறுக்க முடியும்; அந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியதே அவர் செய்த உபகாரம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வல்லாவை விளக்க இவரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் அச்சுக்கோத்தவன், ஈய எழுத்து காலத்து ஆள். அதனால் எனக்கு வெனிஸ் அச்சகக்காரர் ஆல்டஸ் மனுஷியஸ் மேல் தனிப் பிரியம். கனமான பெரிய புத்தகங்களாகவே வந்துகொண்டிருந்த பழைய இலக்கியத்தை 1501இலிருந்து கையில் எடுத்துப் போகிற அளவில் சின்னதாக அடித்து விற்றார். 1508இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் அவர் அச்சகத்திலேயே உட்கார்ந்து எழுத எழுத, பக்கத்தில் அச்சுக்கோத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் அச்சகத்திலும் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் புரூஃப் தாளில் பென்சில் வைத்து எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவார். ஒரு கால் விட்டுப் போனாலும் வாசிப்பை நிறுத்தி, கோத்த எழுத்தை அடுக்கி வைக்கிற ‘கேலி’த் தட்டிலிருந்து அந்த வரியைப் பிரித்துத் திரும்பக் கோக்க வேண்டும். அறிஞர் வேலை ஒரு பக்கம், கூலி வேலை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கிறோமே, மறுமலர்ச்சியில் அந்த இரண்டும் ஒரே மேஜையில்தான் நடந்தன.

அந்த அலை நம் கரைக்கும் வந்தது. தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலில் வருஷக்கணக்கில் இருந்து தமிழ் படித்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசின் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ சமய நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம், தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிற முதல் அச்சு நூல். ஆல்டஸ் இறந்து அப்போது அறுபது சொச்சம் வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த நூலின் பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, புன்னைக்காயல் பிள்ளைக்கோ அப்படி ஒன்று இருப்பதே பாடத்தில் வருவதில்லை.

எல்லாம் வெளிச்சம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதனின் மாண்பைப் பற்றி அவர்கள் பக்கம் பக்கமாக எழுதிய காலத்தில்தான் அதே ஐரோப்பாவின் கப்பல்கள் அடிமைகளை ஏற்றிக்கொண்டிருந்தன. வெரோனாவில் இசோட்டா நொகரோலா என்ற பெண் லத்தீனில் ஆண்களுக்குச் சமமாகக் கடிதம் எழுதினார் என்பதற்காகவே அவர் பெயரைக் கெடுத்து எழுதினார்கள். பாடத்தில் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுக்காக ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து வீடு வீடாக ஏறி இறங்கியதும், இங்கே கிடைத்த சுவடிகளின் துணையோடு 1889இல் அதைப் பதிப்பித்ததும் பலருக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அங்கே கோயிலில் இருந்த வரதுங்கராம பாண்டியர் காலத்து ஏடுகளைத் தேடி அவர் போனபோது, பழுதான ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் போட்டாயிற்று என்று பதில் வந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பக்தியாகத்தான் செய்தார்கள். போஜ்ஜோ மாதிரி ஒரு ஆள் ஒரு பத்து வருஷம் முந்தி அங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்றும் நம் பக்கத்து வளவு வீடுகளில் பரண் மேல் ஏடுகள் கிடக்கின்றன. வைத்தியம், சோதிடம், அம்மானை, கணக்கு, எதுவாகவும் இருக்கலாம். வீட்டை இடித்துக் கட்டும்போது குப்பையோடு போகிறது, இல்லையென்றால் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போகிறது. உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு ஏட்டின் படத்தைப் போட்டு, வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. பழைய ஏட்டில் புள்ளி இருக்காது, குறிலா நெடிலா என்று தெரியாது, ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். ‘கொடு’ என்று வாசிப்பதா ‘கோடு’ என்று வாசிப்பதா என்பதை முன்னும் பின்னும் பார்த்து, முடிந்தால் இன்னொரு பிரதியோடு ஒத்துப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். பெட்ரார்க்கும் வல்லாவும் செய்த வேலை இதுதான் என்று அரை மணி நேரத்தில் பிள்ளைக்குக் கையாலேயே புரிந்துவிடும்.

கூடவே ஏடு வைத்திருக்கிறவர்களுக்கு இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். ஏட்டைத் தண்ணீரில் கழுவாதீர்கள். ஒட்டிக் கிடக்கிற ஏடுகளை நகத்தால் பிரிக்காதீர்கள். கயிறு இற்றுப் போயிருந்தால் வரிசை மாறாமல் பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதையும் தடவ வேண்டாம், தெரிந்தவர்கள்தான் புல்தைலம் பூசிப் பக்குவம் பண்ணுவார்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடித் துறையும் இருக்கின்றன; ஏட்டைக் கொடுக்க மனசு வராதவர்கள் படம் எடுக்க மட்டுமாவது அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் இருக்கிற போனில் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் வீட்டை இடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.