வேட்டுச் சத்தம் இல்லாமல் அப்பாவை அனுப்பிவைத்தவர்களுக்கு

எங்கள் காரைக்குடித் தெருப் பிள்ளைகளுக்கும், கொள்ளுக்குடிப்பட்டி ஊராருக்கும், இன்னும் சிலருக்கும்,

அப்பா காலமாகி இன்றோடு 30 நாள். பாடையைத் தூக்கும் நேரத்தில் தெருப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "வேட்டு வாங்கலக்கா, ஐயாவுக்கு ஆகாதுல்ல" என்றான். அதுவரை அழுகை வராமல் நின்ற நான் அப்போதுதான் அழுதேன். தம்பிகளே, அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. நன்றிடா.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். 1987இல் இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனார். அக்டோபரில் அங்கே விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. தமிழ் தெரிந்தவர் என்று வீடு வீடாகப் பேசுவதற்கு அவரை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற மாநிலத்து வீரர்களுக்கு வெறும் கூச்சலாகக் கேட்டது, அவருக்கு ஒவ்வொரு சொல்லாகப் புரிந்திருக்கிறது. "அவங்களும் அம்மான்னுதான் கத்துனாங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் 20 வருடம் கழித்து. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது இங்கே அரசு வரவேற்பு இல்லை. ஊரிலும் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் பட்டதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால், அப்பா யாரிடமும் எதிர்த்து வாதாடியதில்லை.

அதற்குப் பிறகு பிறந்தவர்கள் நானும் தம்பியும். தூங்கும் அப்பாவைத் தொட்டு எழுப்பக் கூடாது, நிலைப்படியில் நின்றுதான் கூப்பிட வேண்டும். எவர்சில்வர் தட்டு கை தவறினால் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால்கூட எனக்குக் கை நடுங்கும்.

அவர் அலறி எழும் ராத்திரிகளில் பக்கத்து வீட்டு ஆச்சி தாமே வந்து எங்களைக் கூட்டிப்போய் பட்டாலையில் பாய் விரித்துப் படுக்கவைப்பார். என்ன ஏது என்று ஒரு கேள்வி கிடையாது. காலையில் பணியாரம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவார். ஆச்சி, உங்கள் பட்டாலையில்தான் நான் பயமில்லாமல் தூங்கிப் பழகினேன்.

மதுரையில் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் எங்கள் நாலு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார். இதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர், பெரிய அதிர்ச்சியைக் கண்டவர்களுக்குப் பின்னால் வரும் மனப் பாதிப்பு, இது கோழைத்தனம் இல்லை, கூட வளரும் பிள்ளைகளின் உடம்பும் அந்தப் பயத்தைக் கற்றுக்கொள்ளும் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ எப்படிம்மா தூங்குற?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அம்மாவிடமும்தான்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நாரைகளும் கொக்குகளும் மிரளக் கூடாது என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் உங்கள் ஊர். ஐப்பசி வந்தாலே எங்கள் வீட்டில் ஜன்னல்களைச் சாத்தி, அப்பாவை உள்கட்டில் உட்காரவைத்து, அம்மா வானொலியைச் சத்தமாக வைப்பார். உங்கள் ஊரைப் பற்றித் தெரிந்த வருடம் திருப்பத்தூர் போய், பஸ் மாறி வந்தோம். அப்பா கண்மாய்க்கரையில் மரத்தடியில் உட்கார்ந்து நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்தபடியே தூங்கிப்போனார். தீபாவளி அன்று, பட்டப்பகலில்! உங்கள் ஊர் அம்மா ஒருவர் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டார். அன்று தொடங்கி வருடம் தவறாமல் வந்தோம்.

இந்தத் தீபாவளிக்கும் நானும் தம்பியும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். மணகோலமும் சீப்புச் சீடையும் கொண்டு வருவோம். அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
பட்டாளத்தார் மகள்