தீர்ப்பு வந்த பிறகும் பிரியாணிப் பேச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குன்றத்தூரில் குழந்தைகள் இருவரை விஷம் கொடுத்துக் கொன்ற வழக்கில், பெற்ற தாய்க்கும், பிரியாணிக் கடையில் வேலை பார்த்த அவரது ஆண் நண்பருக்கும் காஞ்சிபுரம் மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. 2018-இல் நடந்த கொலைக்கு 2025 ஜூலையில் தீர்ப்பு. ஏன் இவ்வளவு இழுத்தது என்று கேட்க ஆளில்லை. போரூர் டீக்கடையில் என் காதில் விழுந்ததெல்லாம் "தூக்குல போட்டிருக்கணும் சார்" என்பதும், பிரியாணியை வைத்து அடித்த ஜோக்குகளும்தான். ஒரு பையன் அந்தப் பெண்ணின் பழைய வீடியோவை ஓடவிட, நாலு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கொலை வழக்குங்க அது!

தூக்கு கேட்பவர்களின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கே மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. சாகும்வரை சிறை என்பதும் லேசுப்பட்டதல்ல.

எனக்கு உறுத்துவது வேறு. இருவருக்கும் ஒரே தண்டனை. வசவு மட்டும் ஒருத்திக்கே. அந்த ஆளைப் பற்றி டீக்கடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த அப்பாவின் செல்போனுக்கும் இந்த மீம்கள் போய்ச் சேரும் என்று யாராவது யோசித்தார்களா?

பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. தீர்ப்புச் செய்திக்கு அந்த வீடியோ படம்தானா கிடைத்தது? மேல்முறையீடு என்று வந்தால் அப்போதாவது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் படத்தைப் போடுங்கள்.

– போரூர் வாசகர், சென்னை-116