கடைசி நிலையத்தில் மட்டும் கரெக்ட் டைம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பயணிகள் ரயில்கள் பெரும்பாலும் நேரத்துக்கு ஓடுவதாக உங்கள் நாளிதழில் செய்தி பார்த்தேன். 19 வருடமாக சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவன் நான். சிரிப்புதான் வந்தது.

நான் ஏறுவது வழியில் உள்ள ஒரு சின்ன நிலையத்தில். காலை 7.42-க்கு வரவேண்டிய பாசஞ்சர். அது வரும் நேரத்தை சீசன் டிக்கெட் உறைக்குள் இருக்கும் துண்டுச் சீட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். போன வாரக் கணக்கு: 7.58, 8.10, 8.23, 7.49. வெள்ளிக்கிழமை வரவே இல்லை. 8.23 ஆன புதன்கிழமை, ஏறிய பிறகும் அவுட்டரில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று போனது. 58 வேகன். எண்ணிப் பார்க்க அவகாசம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வழியெல்லாம் தாமதமாக வரும் இதே ரயில் கடைசி நிலையத்துக்கு அநேகமாகச் சரியான நேரத்தில் போய்விடுகிறது. சூட்சுமம் கால அட்டவணையில் இருக்கிறது. கடைசி இரண்டு நிலையங்களுக்கு இடையே போகும்போது 38 நிமிடம் போட்டிருக்கிறார்கள். அதே தூரம் திரும்பி வரும்போது 13 நிமிடம்! மிச்ச 25 நிமிடம் தாமதத்தை விழுங்குவதற்கு. தண்டவாள வேலை நடக்கும், வேகக் கட்டுப்பாடு இருக்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் விடத்தான் வேண்டும். சரி. அதை மொத்தமாகக் கடைசியில் கொட்டி, கடிகாரத்தையும் அங்கே மட்டும் பார்த்தால், நடுவில் இறங்கி ஏறுகிற எங்கள் தாமதம் யார் கணக்கில் வரும்?

எண்ணுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமே இல்லை. ரத்தான ரயில் கணக்கிலேயே சேராது. அப்படியும் 2024-இல் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். சுவிட்சர்லாந்தில் சலுகை 3 நிமிடம். எத்தனை ரயில் என்பதைவிட, எத்தனை பயணிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று அங்கே எண்ணுகிறார்கள். காலி ரயில் நேரத்துக்கு வந்து யாருக்கு என்ன பயன்?

அடுத்த தடவை இப்படி ஒரு சதவீதம் கையில் கிடைத்தால், எந்த நிலையத்தில் அளந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள் உங்கள் நிருபரிடம். என் துண்டுச் சீட்டுகள் வேண்டுமானாலும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
7.42-க்குக் காத்திருக்கும் பயணி